இராயக்கோட்டைச் செப்பேடும் சீனத்து ஏடுகளும்

தமிழில் முதுகலை முடித்த ஒருவர் கிழக்காசியவியலில் ஆய்வுப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாமா? ஒசூர், கிருஷ்ணகிரிப் பகுதியில் தமிழ் கற்பிக்கும் நம் போன்றோரிடம் மாணவர்கள் இவ்வினாவை அடிக்கடி கேட்கின்றனர். காரணம் வெளிப்படையானது. 1980களில் ஒசூரில் டி.வி.எஸ். நிறுவனம் ஜப்பானின் சுசுகியோடு கூடி மோட்டார் சைக்கிள் செய்யத் தொடங்கியது. அக்கூட்டு 2001இல் முடிவுற்றது. ஆயினும் கைசன், கன்பான் என்னும் ஜப்பானியச் சொற்கள் இவ்வட்டாரத் தொழிலாளர் பேச்சில் தங்கிவிட்டன. கிருஷ்ணகிரியை அடுத்த குருபரப்பள்ளியில் தைவானின் டெல்டா நிறுவனம் ஆலை நடத்துகிறது. சீனமும் ஜப்பானியமும் கொரியமும் படித்தால் வேலை உண்டு என்பதை இங்குள்ள பிள்ளைகள் யாரும் சொல்லாமலே அறிவர். அவர்களுள் ஒரு சிலர் வேலையோடு நின்றுவிடாமல், அந்நாடுகளின் வரலாற்றையும் இலக்கியத்தையும் முறையாக ஆராய விரும்புகின்றனர்.

அவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் விடை, "நீ படித்தது தமிழ், அதற்கும் சீனத்துக்கும் என்ன தொடர்பு?" என்பதாகும். ஆய்வுப் பட்ட விண்ணப்பத்தில் தேர்வுக்குழு எழுப்பும் முதல் வினாவும் ஏறத்தாழ இதுவே. இவ்வினாவுக்கு வரலாறு தரும் விடை யாது என்பதை எழுதிப் பார்ப்பதே நம் நோக்கம். விடையைத் தேடி வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் ஊரின் பெயரைத் தாங்கிய ஒரு செப்பேட்டிலிருந்தே தொடங்கலாம்.

நாகர் மகளின் கதை

இராயக்கோட்டை என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவன தக்காளிச் சந்தையும் மலைமேல் நிற்கும் கோட்டையுமே. மூன்றாம் மைசூர்ப் போரின்போது, 1791இல், திப்பு சுல்தானின் காவலிலிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றிய கோட்டை அது. கல்வெட்டியலாரோ இவ்வூர்ப் பெயரை வேறொரு வகையில் அறிவர். கந்தசிடியன் (ஸ்கந்தசிஷ்யன்) என்னும் அரசனின் செப்பேடு ஒன்று "இராயக்கோட்டைச் செப்பேடு" என்றே ஆய்வுலகில் வழங்குகிறது. அறிஞர் ஹுல்ச் அதனைப் பதிப்பித்து, எபிகிராஃபியா இண்டிகாவின் ஐந்தாம் தொகுதியில் வெளியிட்டார்.

அச்செப்பேட்டின் வடமொழிப் பகுதி அரச மரபின் தோற்றத்தைக் கூறுகிறது. பாரதக் கதையில் வரும் துரோணரின் மகன் அசுவத்தாமன். அவனுக்கும் ஒரு நாகர் குலப் பெண்ணுக்கும் பிறந்தவன் கந்தசிடியன். அவன் வழியினரே இம்மரபினர். பல்லவரின் பிற ஆவணங்களிலும் இக்கதையின் சாயல்கள் உண்டு. அமராவதித் தூண் கல்வெட்டில் அசுவத்தாமனின் துணைவி மதனி என்னும் அரம்பை. வேலூர்ப்பாளையம் செப்பேட்டில் வீரகூர்ச்சன் என்பவன் நாகர் தலைவனின் மகளை மணந்து, அவளோடு அரசச் சின்னங்களையும் பெறுகிறான்.

தமிழ் படித்தவருக்கு இக்கதை புதிதன்று. மணிமேகலையில் சோழன் நெடுமுடிக்கிள்ளி, நாக நாட்டு மன்னன் மகள் பீலிவளையைப் புகார்க் கடற்கரைச் சோலையில் கண்டு கூடுகிறான். அவள் பெற்ற மகனைக் கம்பளச் செட்டியின் கலத்தில் அனுப்ப, கலம் கவிழ்கிறது, குழந்தை காணாமற்போகிறது. அரசன் மகனைத் தேடி அலைகையில் இந்திர விழாவை மறக்க, புகாரைக் கடல் கொள்கிறது. பெரும்பாணாற்றுப்படைக்கு உரைகண்ட நச்சினார்க்கினியர், நாகப்பட்டினத்துச் சோழன் ஒருவன் பிலத்தின் வழியே நாகலோகம் சென்று நாககன்னியைக் கூடியதையும், பிறந்த மகன் தொண்டைக் கொடியை அடையாளமாகக் கொண்டு திரையால் கரைசேர்க்கப்பட்டதையும், அவனே தொண்டைமான் இளந்திரையனின் குலமுதல்வன் என்பதையும் கூறுகிறார். முதுகலை மாணவர் எவரும் தேர்வுக்குப் படித்த செய்திகளே இவை.

இனிக் கடலுக்கு அப்பால் செல்வோம். இன்றைய வியத்நாமின் நடுப்பகுதியில் மீ சோன் என்னுமிடத்தில், சம்பா நாட்டு மன்னன் பிரகாசதர்மன் காலத்தில், பொ.ஆ. 658இல் பொறிக்கப்பட்ட வடமொழிக் கல்வெட்டு ஒன்று உள்ளது. துரோணர் மகன் அசுவத்தாமனிடமிருந்து பெற்ற வேலைக் கௌண்டின்யன் என்னும் அந்தணன் ஓரிடத்தில் நாட்டினான் என்றும், நாகர் அரசனின் மகள் சோமையை மணந்தான் என்றும் அது கூறுகிறது. இவர்களின் வழித்தோன்றல்களாகத் தம்மைக் கூறிக்கொண்டவர்கள் கம்போசத்து அரசர்கள். நாகர் பெண், அயலிலிருந்து வந்த ஆண், அவர்கள் வழிவந்த அரச மரபு என்னும் மூன்றும் ஈண்டு மீண்டும் வருகின்றன. அசுவத்தாமனும் மீண்டும் வருகிறான். இவ்வொற்றுமை தற்செயலாக நேர்ந்திருக்க இயலாது என்று கருதிய பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் சேதேஸ், 1911இலேயே பல்லவர் கதையையும் கம்போசத்துக் கதையையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார்.

இதுவரை சொன்னவற்றைத் தமிழும் வடமொழியும் அறிந்தவர் நேரே படித்துவிடலாம். ஆனால் இக்கதைக்கு இவை எல்லாவற்றினும் பழைய சான்று ஒன்று உண்டு. அது சீன மொழியில் இருக்கிறது.

மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், தென்சீனத்தை ஆண்ட வூ அரசு, காங் தாய், ஜூ யிங் என்னும் இரு தூதர்களை ஃபூனான் நாட்டுக்கு அனுப்பியது. மேகாங் ஆற்றின் கழிமுகத்தை ஒட்டி அமைந்திருந்த நாடு அது. காங் தாய் எழுதிய நூல் அழிந்துவிட்டது. ஆயினும் அதிலிருந்து எடுத்த பகுதிகள் பிற்காலச் சீன வரலாற்று நூல்களிலும் தொகைநூல்களிலும் எஞ்சியுள்ளன. அவை கூறும் கதை இது: ஹுன் தியன் என்பவன் ஒரு கனவு காண்கிறான். தெய்வம் அவனுக்கு வில்லொன்றைத் தந்து கலமேறிச் செல்லப் பணிக்கிறது. மறுநாள் கோயில் மரத்தடியில் வில் கிடைக்கிறது. கலமேறி ஃபூனானை அடைகிறான். அந்நாட்டை ஆண்ட லியூ யே என்னும் அரசி அவன் கலத்தைக் கைப்பற்ற வருகிறாள். அவன் எய்த அம்பு அவள் படகைத் துளைத்துச் செல்ல, அவள் பணிகிறாள். அவளை மணந்து அவன் நாடாள்கிறான்.

இவ்விடத்தில் நின்று நிதானித்தல் வேண்டும். சீனக் குறிப்பில் வில் உண்டு, வேல் இல்லை. அரசி உண்டு, அவள் நாகர் மகள் என்ற செய்தி இல்லை. அசுவத்தாமனும் இல்லை. ஹுன் தியன் என்பது கௌண்டின்யன் என்னும் பெயரின் சீன ஒலிபெயர்ப்பு என்று பல அறிஞர் கொண்டனர்; ஐயுற்றாரும் உளர். இராயக்கோட்டைச் செப்பேடோ காங் தாயின் காலத்துக்குப் பல நூற்றாண்டு பிற்பட்டது. ஆதலின், கதை இங்கிருந்து அங்குச் சென்றதா, அங்கிருந்து வணிகர் வழியே இங்கு வந்ததா, கடல்வழி எங்கும் வழங்கிய பொதுக்கதை ஒன்று ஈரிடத்தும் அரச மரபுக்கு அணியாக்கப்பட்டதா என்னும் வினாக்கள் எழுகின்றன. "எல்லாம் நம்மிடமிருந்து சென்றனவே" என்று மேடையில் முழங்குதல் எளிது. சீனச் சான்றின் காலத்தை வைத்து நோக்கினால் அவ்வாறு எளிதில் முடிவு கூற இயலாது. ஒரு சொல்லை எப்படி ஒலித்தனர், எந்தத் தொகைநூல் எதனைச் சுருக்கியது, எந்தப் பகுதி பின்னர்ச் சேர்ந்தது என்பவற்றைச் சீன மூலத்தில் நேரே ஆராய்ந்தாலன்றி இவ்வழக்கு தீராது.

மணிமேகலையையும் நச்சினார்க்கினியரையும் அறியாத சீனவியலாருக்கு இக்கதையின் தமிழ்ப் பாதி தெரியாது. சீனம் அறியாத நமக்கு அதன் பழைமையான பாதி தெரியாது. ஆய்வு விண்ணப்பத்துக்கு வேண்டிய வினா, நம் ஊரின் பெயராலேயே இவ்வாறு ஒன்று கிடைக்கிறது.

இரு மொழி அறிந்தோர் கண்டவை

இது தனித்த ஒரு நிகழ்ச்சியன்று. தென்னாட்டு வரலாற்றில் சீனமும் தமிழும் சேர்ந்தாலன்றி விளங்காத இடங்கள் பல.

சோழ நாட்டைச் சீனர் "ஜூநியன்" என்று எழுதினர். இன்றைய சீன ஒலிப்பில் இப்பெயருக்கும் சோழருக்கும் தொடர்பே தோன்றாது. ஆனால் இன்று "நியன்" என ஒலிக்கும் அவ்வெழுத்து, இடைக்காலச் சீனத்தில் லகர முதலாக ஒலித்தது. பழைய ஒலிப்பை மீட்டெடுத்தால் அச்சொல் ஏறத்தாழச் "சுலியன்" என்றாகிறது. "சோழியன்" என்னும் சொல்லை அறிந்த தமிழ் மாணவருக்கு அதன்மேல் விளக்கம் வேண்டுவதில்லை.

முதலாம் இராசராசன் அனுப்பிய தூது 1015இல் சுங் அரசவையை அடைந்தது. இராசேந்திரன் காலத்தில் 1033இல் ஒரு தூது சென்றது. 1077இல் 72 பேர் கொண்ட தூது ஒன்று சென்று, 81,800 கோவை செப்புக்காசுகளைப் பரிசிலாகப் பெற்று மீண்டது. மூன்றாவது தூதை அனுப்பிய மன்னனின் பெயரைச் சீனக் குறிப்பு "தி ஹுவா ஜியா லோ" என்கிறது. இவன் முதற் குலோத்துங்கனே என்பர். அதே பெயர் சீனத்துக் குவாங்சௌ நகரின் தாவோயக் கோயில் கல்வெட்டு ஒன்றில், 1079இல், ஸ்ரீவிசயத் தலைவன் ஒருவனின் பெயராகவும் வருகிறது. அரியணை ஏறுமுன் குலோத்துங்கன் எங்கிருந்தான் என்னும் சோழர் வரலாற்றுச் சிக்கலோடு இவ்வெழுத்துகள் பின்னிக் கிடக்கின்றன. நம் மெய்க்கீர்த்திகளைப் படிக்கத் தெரிந்தவருள் எத்தனை பேருக்குச் சீனக் குறிப்பையும் படிக்கத் தெரியும்?

வாங் தாயுவான் என்னும் சீனப் பயணி 14ஆம் நூற்றாண்டில் எழுதிய நூலில் "தா பாதான்" என்னும் துறைமுகம் வருகிறது. ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா அதனை இராமநாதபுரத்தை அடுத்த பெரியபட்டினம் என்று கண்டார். சீனத்தில் "தா" என்பதற்குப் பெரிய என்று பொருள். "பாதான்" என்பது பட்டினத்தின் ஒலிபெயர்ப்பு. பாதி மொழிபெயர்ப்பும் பாதி ஒலிபெயர்ப்புமாக ஒரு தமிழ்ப் பெயர் சீனத்தில் பதிந்திருக்கிறது. பெரியபட்டினத்து மண்ணில் கிடைத்த 13, 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் இம்முடிவுக்கு வலுவூட்டின. அதே வாங் தாயுவான் தமிழகக் கடற்கரையில் ஒரு மண்கோபுரத்தைக் குறிப்பிட்டு, அது 1267இல் முடிவுற்றதாகச் சீன எழுத்தில் பொறித்திருந்தது என்கிறார். நாகப்பட்டினத்தில் "சீனக் கோபுரம்" என வழங்கிய செங்கற் கட்டடமே அது என்பர். அக்கட்டடம் 1867இல் இடிக்கப்பட்டது. சர் வால்டர் எலியட் வெளியிட்ட படத்தில் மட்டுமே இன்று அதனைக் காணலாம்.

சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் 1956இல் கிடைத்த கல்லொன்று சக ஆண்டு 1203, அதாவது பொ.ஆ. 1281, சித்திரைத் திங்களுக்குரியது. சம்பந்தப்பெருமாள் என்னும் தமிழர் அங்கே சிவபெருமானை எழுந்தருளுவித்த செய்தியை அது தமிழில் கூறுகிறது. அதன் இறுதியில் சீன எழுத்துகளும் உள்ளன. கான் பட்டமுடைய அரசரின் நலத்துக்காக, அவரது ஆணையின் பேரில் இப்பணி நிகழ்ந்ததாம். மங்கோலியர் தென்சீனத்தை முழுதும் வென்றது 1279இல். ஈராண்டுக்குள் ஒரு தமிழ் வணிகக் குழுவினர் புதிய அரசின் ஆணையைப் பெற்றுக் கோயில் எடுக்கும் நிலையில் இருந்தனர் என்பது சிறு செய்தியன்று. சுவான்சௌ நகரம் 2021இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் இடம்பெற்றது.

இலங்கையின் காலி நகரில் 1911இல் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டும் நினைக்கத் தக்கது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ கொணர்ந்த அக்கல் 1409ஆம் ஆண்டுக்குரியது. அதன் சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தேனவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி இசுலாம் சமயத்தையும் போற்றுகின்றன. காணிக்கைப் பட்டியலோ மூன்றிலும் ஏறத்தாழ ஒன்றே. ஒரு மொழியை மட்டும் படித்தவர் சீனப் பேரரசர் ஒரு சமயத்துக்கு மட்டுமே கொடையளித்தார் என்று முடிவு செய்திருப்பார். மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோதுதான் அக்கொடையின் அரசியல் விளங்கிற்று.

கற்றவர் யார்?

இம்மொழிகளைக் கடந்து சென்றவர் யார் என்று பார்த்தால், வழி பெரும்பாலும் ஒருபுறமாகவே நடக்கப்பட்டிருக்கிறது. கராஷிமா 1960களின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து, தமிழ்க் கல்வெட்டுகளைக் கற்று, பின்னர் எ. சுப்பராயலு போன்ற தமிழறிஞர்களோடு சேர்ந்து பல்லாண்டு உழைத்தார். சோழர் கல்வெட்டுகளில் வரும் பெயர்களுக்கு இவர்கள் தொகுத்த சொல்லடைவு 1978இல் வெளிவந்தது. கராஷிமா 2015இல் மறையும்வரை தமிழக வரலாற்றின் முதன்மை ஆய்வாளருள் ஒருவராக விளங்கினார். தென்கிழக்காசியா, சீனம் பற்றிய தமிழ், வடமொழிக் கல்வெட்டுகளைச் சுப்பராயலுவோடும், சோழர் பற்றிய சீனக் குறிப்புகளைத் தான்சென் சென்னோடும் அவர் தொகுத்து அளித்தவை, 2009இல் சிங்கப்பூரிலிருந்து வெளிவந்த, இராசேந்திரன் கடற்படையெடுப்புப் பற்றிய நூலில் இணைக்கப்பட்டுள்ளன. இத்துறையில் புதிதாகப் புகுவோர் முதலில் படிக்க வேண்டியவை அவை.

மற்றொருவர் ஷூ ஹிகொசாகா. 1982இல் ஜி. ஜான் சாமுவேலோடு சேர்ந்து சென்னையில் ஆசியவியல் நிறுவனத்தை நிறுவியவர். அவலோகிதேசுவரர் உறையும் பொதலகம் என வடநூல்களும் சீன நூல்களும் கூறுவது நம் பொதியில் மலையே என்று, சுவான்சாங்கின் குறிப்பையும் தமிழ் நூல்களையும் ஒருங்கு வைத்து அவர் வாதிட்டார். பொதியிலைப் பற்றி நாமும் எத்தனையோ கட்டுரை எழுதியிருக்கிறோம். சுவான்சாங்கை மூலத்தில் படித்தா எழுதினோம்?

நம் பக்கத்திலிருந்து சென்றவரும் இல்லாமல் இல்லை. 1937இல் தாகூரும் தான் யுன்ஷானும் சாந்திநிகேதனில் சீனபவனத்தைத் தொடங்கினர். தென்னாட்டவரான ந. ஐயாசுவாமி சாஸ்திரி, வடமொழி மூலம் அழிந்து சீன மொழிபெயர்ப்பில் மட்டுமே எஞ்சிய பௌத்த நூல்களை மீண்டும் வடமொழியில் ஆக்கித் தந்தார். பவ்வியரின் கரதலரத்தினம் அவ்வாறு 1949இல் விசுவபாரதி வெளியீடாக வந்தது. இத்தகைய உழைப்பின் பயன் தமிழுக்கும் உண்டு. மணிமேகலையின் 29ஆம் காதையிலுள்ள அளவைப் பகுதி, நியாயப்பிரவேசம் என்னும் நூலோடு நெருங்கிய தொடர்புடையது. அந்நூலைச் சுவான்சாங் 647இல் சீனத்தில் பெயர்த்தார். அதன் ஆசிரியர் சங்கரசுவாமி என்பது சீன மரபு. திக்நாகர் என்பது திபெத்திய மரபு. மணிமேகலையின் காலம் பற்றிய நெடிய வாதத்தில் இவ்வேறுபாட்டுக்கும் இடமுண்டு.

ஈழத்திலிருந்து அருணாசலம் சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் இணையர் தோக்கியோவின் கக்சுயின் பல்கலைக்கழகத்தில் சுசுமு ஓனோவோடு பணியாற்றினர். எட்டாம் நூற்றாண்டில் தொகுக்கப்பெற்ற, 4,500க்கு மேற்பட்ட பாடல்களைக் கொண்ட மன்யோசு என்னும் ஜப்பானியத் தொகைநூலையும் நம் அகப்பாடல்களையும் மனோன்மணி அவர்கள் ஒப்பிட்டு ஆராய்ந்தார். தமிழும் ஜப்பானியமும் உறவுடையன என்னும் ஓனோவின் கொள்கையை மொழியியலார் பெரும்பாலும் ஏற்கவில்லை. ஆயினும் இரு தொகைநூல்களின் காதற்பாடல்களை ஒப்பிட மொழியுறவு வேண்டுவதில்லை. கொள்கை நிற்காதுபோயினும் ஒப்பீடு நிற்கும். விண்ணப்பம் எழுதுவோர் இவ்வேறுபாட்டை மனத்தில் பதித்தல் நலம். "தமிழே மூலம்" என்று தொடங்கும் ஆய்வுத்திட்டத்தை எந்தத் தேர்வுக்குழுவும் முதற்பக்கத்திலேயே ஒதுக்கிவிடும்.

விண்ணப்பத்துக்கு வருவோம்

இந்தியாவில் கிழக்காசியவியல் வளர்ந்த முறையும் தமிழ் மாணவர் அங்கே காணப்படாமைக்கு ஒரு காரணம். சீனபவனம் பௌத்தத்தையும் இலக்கியத்தையும் முன்னிட்டு எழுந்தது. 1962ஆம் ஆண்டுப் போருக்குப் பின் நிலை மாறியது. தில்லிப் பல்கலைக்கழகத்தில் 1964இல் தொடங்கிய சீன ஆய்வு மையம், பின்னர் ஜப்பானிய, கொரிய ஆய்வுகளையும் சேர்த்துக்கொண்டு கிழக்காசியவியல் துறையாயிற்று. அங்கும் சவகர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் அயலுறவும் அரசியலும் பொருளியலும் பெரிதும் முன்னின்றன. சென்னை ஐ.ஐ.டி.யில் 2011இல் சீன ஆய்வு மையம் தோன்றியது. இவற்றுக்கு விண்ணப்பிப்போர் பெரும்பாலும் அரசியலோ வரலாறோ சீன, ஜப்பானிய மொழிகளோ படித்தவர். தமிழ் முதுகலைஞர் விண்ணப்பித்தலே அரிது. விதி தடுக்கும் இடங்களைவிட நாமே ஒதுங்கிக்கொண்ட இடங்கள் மிகுதி என்பது நம் கருத்து.

முனைவர் பட்டத்துக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகள், பொதுவாக முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண்ணைக் கோருகின்றன. எந்தெந்த முதுகலைப் பாடங்களைத் தொடர்புடையனவாக ஏற்பது என்பது துறைக்குத் துறை மாறும். அவ்வவ்வாண்டு அறிக்கையைப் பார்த்தே துணிய வேண்டும். 2024 முதல் நெட் தேர்வின் மதிப்பெண் முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் பயன்படுகிறது. ஜப்பானிய அரசின் ஆய்வு மாணவர் உதவித்தொகைக்கு 35 வயதுக்கு உட்பட்டிருத்தல் வேண்டும். அதில் பலரும் முதலில் ஆய்வு மாணவராகச் சென்று, பின்னர் நுழைவுத்தேர்வு எழுதிப் பட்டப்படிப்பில் சேர்கின்றனர். இதனை அறியாமல் காலம் கடத்தியபின் வருந்துவோர் உண்டு.

எல்லாவற்றினும் முதன்மையானது மொழி. ஜப்பானிய மொழித் திறன் தேர்வு சென்னையிலும் பெங்களூருவிலும் நடைபெறுகிறது. இராயக்கோட்டையிலிருந்து இருப்புப்பாதை வழியே பெங்களூரு எளிதில் சேரும் தொலைவு. ஆனால் தொழிற்சாலைக்குப் போதுமான சீனம் வேறு. காங் தாயைப் படிக்க வேண்டிய பழஞ்சீனம் வேறு. இன்றைய பேச்சுத் தமிழை மட்டும் அறிந்தவர் புறநானூற்றின் முன் எப்படி நிற்பாரோ, அப்படித்தான் இன்றைய சீனம் மட்டும் அறிந்தவர் அந்நூல்களின் முன் நிற்பார். இரண்டு, மூன்று ஆண்டு மொழிக்கென்றே ஒதுக்க வேண்டும். இதனைக் குறுக்குவழியில் கடக்க முடியாது.

இவ்வுழைப்பில் தமிழ் மாணவருக்குச் சில நலங்கள் உண்டு. உரையாசிரியரின் துணையோடு பழம்பாடலைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பொருள் காணும் பயிற்சி அவர் பெற்றது. சீனத்துப் பழநூல்களும் உரைகளோடு படிக்கப்படுவனவே. பாடவேறுபாடு, இடைச்செருகல் என்பவற்றை அவர் வகுப்பிலேயே அறிந்தவர். கல்வெட்டியலை ஒரு பாடமாகவேனும் படித்திருந்தால் கிரந்த எழுத்தையும் ஓரளவு அறிந்திருப்பார். இவற்றோடு எல்லைப்புறத்துப் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் வாய்த்திருக்கிறது. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழ் படித்து, சந்தையில் மூன்றும் உருதுவும் கலந்து வழங்கும் ஊர்களில் வளர்ந்தவர்கள் அவர்கள். வேற்றுமொழியின் ஒலிக்குக் காதும் நாவும் கூசுவதில்லை. இதனை ஒரு குறையாக எண்ணி விண்ணப்பத்தில் மறைப்பாரைக் கண்டிருக்கிறோம். நோக்க உரையின் முதற் பத்தியில் எழுத வேண்டிய தகுதி அது.

ஆய்வுத்திட்டத்தில் "தமிழ், சீனப் பண்பாட்டு உறவுகள்" என்று பரந்த தலைப்பிடுதல் கூடாது. அதில் எல்லாம் அடங்கும். ஆதலின் ஒன்றும் விளங்காது. "இராயக்கோட்டை, வேலூர்ப்பாளையம் செப்பேடுகளும் மீ சோன் கல்வெட்டும் ஃபூனான் பற்றிய சீனக் குறிப்புகளும் கூறும் மரபுத் தோற்றக் கதைகள்: காலமும் திசையும்" என்று எழுதினால், எந்தெந்த ஆவணம், எந்தெந்த மொழி, எது வினா என்பவை மூன்றும் தலைப்பிலேயே தெரியும். அதன்பின், நமக்குத் தெரிந்த மொழி எது, இனிக் கற்க வேண்டியது எது, அதற்குத் திட்டம் யாது என்று எழுதலாம். வழிகாட்டியாக வேண்டும் பேராசிரியரின் கட்டுரைகளை முன்னரே படித்து, அவர் எதனை ஏற்கிறார், எதனை ஐயுறுகிறார் என்று அறிந்து எழுதுதல் நன்று.

இத்துணை முயற்சி எதற்கு என்று கேட்கலாம். சோழர் பற்றிய சீனக் குறிப்புகளை நம்மில் பெரும்பாலோர் 1939இல் நீலகண்ட சாஸ்திரியார் தொகுத்தளித்த ஆங்கில நூல் வழியாகவே இன்றும் அறிகிறோம். அவரும் பிற ஐரோப்பிய அறிஞரின் மொழிபெயர்ப்புகளையே சார்ந்து நின்றார். நம்மைப் பற்றி அயலார் எழுதியதை நாம் மூன்றாம் கையாகப் பெற்று, அதனையே நான்காம் கையாக மாணவருக்குக் கற்பிக்கிறோம். அவர்களோ இங்கு வந்து, தமிழ் கற்று, நம் கல்வெட்டுகளைக் கல்லிலேயே படித்தனர்.

நாகப்பட்டினத்துக் கோபுரம் மீண்டும் எழாது. காங் தாயின் நூலும் முழுமையாகக் கிடைக்கப்போவதில்லை. எஞ்சியவற்றைப் படிக்கும் திறன் நம்மிடம் இருக்க வேண்டுமா, பிறரிடம் மட்டும் இருந்தால் போதுமா என்பதே வினா. இராயக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு மாணவர் பழஞ்சீனம் கற்று இச்செப்பேட்டுக் கதையை அதன் எல்லாப் பக்கங்களிலிருந்தும் படிப்பாராயின், அவர் காணும் முடிவு நம் பெருமைக்கு உகந்ததாயினும் அல்லதாயினும், தமிழ் வரலாற்றுக்கு அது வரவே. அத்தகைய விண்ணப்பம் ஒன்றை எழுத முனைவோர் தயங்காது எழுதுக. தமிழ் சார்ந்த பகுதிகளில் உதவ நம் போன்றோர் பலர் இருக்கின்றனர்.